கக்கத்து மஞ்சள்

எனக்கு வாய் நீளம் என்பது திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். மார்க்கெட்டில் என்னிடம் அழுகின தக்காளியைத் தள்ளிவிட எவனும் துணியமாட்டான். என் வீட்டுக்காரர் சவரிராயன் வேர்க்கடலை ஏலம் விடுகிற மல்லாட்டை கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். சாயங்காலம் வந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அப்படிப்பட்ட இந்தப் பாக்கியமேரியின் வாயை ஒரு கவுன் கட்டிப்போட்டது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

என் மகள் ஆஷ்லினை விழுப்புரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பெயர் அலெக்ஸ். அவர்கள் வீட்டில் ஒரு வெள்ளைக் கவுன் உண்டு. 1993-இல் அலெக்ஸின் சின்ன அத்தை கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரியில் தைத்தது. சாட்டின் துணி, கழுத்தைச் சுற்றி லேஸ், முழங்கை வரைக்கும் கை. முதுகில் கயிறு கோத்து இழுத்துக் கட்டுகிற மாதிரி தைத்திருந்ததால் ஒல்லியானவளுக்கும் சேரும், குண்டானவளுக்கும் சேரும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த பெண்கள், வந்த மருமகள்கள் எல்லாருமே அதைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். மருமகளாக வந்தவள் மறுவீட்டுக்குப் போகும்போது கவுனும் அவளோடு அம்மா வீட்டுக்குப் போகும். பெற்றவள் அதைத் தன் கையாலேயே துவைத்து, இஸ்திரி போட்டு, மகளைக் கொண்டுபோய் விடுகிற அன்றைக்குச் சம்மந்தி கையில் கொடுக்க வேண்டும். வெளியே துவைக்கப் போடக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"கவுன் திரும்பி வர்றத வச்சே பொண்ணு எப்பேர்ப்பட்ட எடத்துல இருந்து வந்திருக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்று என் சம்மந்தி ஜெசிந்தா சொல்லுவார். எங்கள் பக்கத்து ஆட்கள் திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வெட்டியும் நடவு நட்டும் பிழைத்தவர்கள். நானும் சவரிராயனும்தான் முதலில் டவுனுக்கு வந்தோம். இது ஜெசிந்தாவுக்குத் தெரியும். தெரியும் என்பதை நமக்குத் தெரியப்படுத்தாமல் ஒரு நல்லது கெட்டதுகூட அவர் விட்டதில்லை.

ஆஷ்லினுக்குச் சின்ன வயசிலிருந்தே வேர்வை அதிகம். அவள் கல்யாணம் 2012 மே மாதத்தில் நடந்தது. விழுப்புரத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூசைக்கு முன்னால் கோயில் பக்கத்து அறையில் அவளுக்குக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா வெனிலா துபாய் சென்ட் டப்பாவோடு வந்தாள். "கையத் தூக்கு, கையத் தூக்கு. ஃபாதர் பக்கத்துல நிக்கும்போது நாறக் கூடாது" என்று இரண்டு கக்கத்திலும் அவள் அடித்த அடியில் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தும்மல் வந்தது. கவுன் நனைகிற அளவுக்கு அடித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஆசையாகச் செய்கிறாள் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுவீட்டில் கவுனை நான் துவைத்த மாதிரி ஒரு தாயும் துவைத்திருக்கமாட்டாள். கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஜெசிந்தா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அந்த வாயிலிருந்து அது பெரிய பரிசு.

இரண்டு வருஷம் ஓடியது. ஆஷ்லினுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்த அடுத்த வாரம், ஒரு மத்தியான நேரத்தில் ஆஷ்லின் தனியாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. கக்கத்தில் கவுன் பெட்டி.

"இன்னாடி இது, போன்கூடப் பண்ணாம வந்துக்கிற? மாப்ள எங்க?"

"வரல. டோமினிக் கல்யாணத்துக்குன்னு அத்தை பொட்டியத் தொறந்தாங்கம்மா." டோமினிக் அவள் கொழுந்தன். மே மாதக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். கவுன் வெள்ளையாகத்தான் இருந்தது, கக்கம் இரண்டையும் தவிர. அங்கே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைத்திருந்தது. நான் துவைத்துக் கொடுத்த அன்று இது இல்லை. சத்தியமாக இல்லை.

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"கறைய எடுத்துட்டு கொண்டான்னாங்க."

"அவ்ளோதானா?"

ஆஷ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தினி பொண்ணுங்க போட்ட கவுனு, ஒருத்திக்காவது இப்டி ஊறியிருக்குதா, கழனி வேர்வை சோப்புக்குப் போவுமான்னாங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போனை எடுத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், உன் மகள் அடித்த சென்ட்டுக்கு என் மகள் வேர்வை மேலே பழியா என்று. ஆஷ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நீ பேசினா அதோட நான் அங்க போவ முடியாது. அவரு தவக்காலத்துல இருந்தே என்கூட சரியா பேசறதில்ல. நான் பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பும்போதுகூட டீவி பாத்துக்கினு இருந்தாரு. இதையாவது சரி பண்ணிக் குடுத்தா மொகம் குடுத்துப் பேசுவாங்க. கத்தாதம்மா."

போனை வைத்துவிட்டேன். கறை போனால் மகள் புருஷன் வீட்டுக்குப் போவாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கறைதானே, அதற்கு இந்தப் பாக்கியமேரி பயப்படுவாளா?

பயப்பட வேண்டியிருந்தது. முதலில் சோப்பு போட்டு ஊறவைத்துக் கசக்கினேன். அது கவுனிலிருந்த தூசியைத்தான் எடுத்தது. அடுத்த நாள் எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பைத் தொட்டுத் தேய்த்து, மாடியில் வெயிலில் காயப்போட்டு, காக்கா எச்சம் போட்டுவிடாமல் நானே குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மூஞ்சிதான் கருத்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

சவரிராயன் வந்து பார்த்தார். "கை பக்கம்தானே, கையைத் தூக்கினாதான் தெரியும்" என்றார்.

"கல்யாணப் பொண்ணு மாலைய எப்டி மாத்துவா, காலாலயா?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் வெளியே போய்விட்டார். பாவம் அந்த மனுஷன். ராத்திரி சாப்பிடும்போது மகளுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்சவள்ளிக்கு உலகத்திலுள்ள எல்லா விஷயமும் தெரியும். "பிளீச்சிங் போடுக்கா. எங்க ஊட்டுக்காரரு சட்டைல டீ ஊத்திச்சி, ஒரே முக்கு, பால் கணக்கா ஆயிடுச்சி" என்றாள். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் விழுப்புரத்தில் அந்த ஞாயிறு பூசையில் டோமினிக்கின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடித்தால் கல்யாணம். நாள் போய்க்கொண்டிருந்தது. கக்கம் இரண்டையும் மட்டும் பிளீச்சிங் தண்ணீரில் முக்கினேன்.

எடுத்துப் பார்த்தபோது எனக்கு மயக்கம் வராத குறை. போகும் என்று முக்கினது இன்னும் அழுத்தமாக ஏறி, அரைத்த மஞ்சளை அப்பின மாதிரி நின்றது. பதறிப்போய், வெளுப்பு கொடுக்கட்டும் என்று சொட்டு நீலத்தைக் கலக்கி முக்கினேன். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பதற்றத்தில் எனக்குத் தெரியவில்லை. பச்சை ஓடிய கவுனைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்சவள்ளி, நீ நல்லா இருப்பியாடி" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஷ்லின் கவுனை வாங்கித் தண்ணீரில் அலசி அலசி, நீலம் போகும்வரை பிழிந்தாள். பச்சை போயிற்று, மஞ்சள் இருந்தது. அன்று சாயங்காலம் அலெக்ஸுக்குப் போன் போட்டாள். நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "சாப்ட்டீங்களா" என்று கேட்டாள். "வேலை அதிகமா" என்று கேட்டாள். பிறகு "சரி, வச்சிடறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வழக்கத்தை மீறினாலும் பரவாயில்லை என்று கவுனை டிரை கிளீனிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பிளீச்சிங் போட்டீங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "எடுக்க முடியாதும்மா. கை வச்சா கிழிஞ்சிடும், அப்பறம் என்னைச் சொல்லாதீங்க" என்று பெட்டியை என் பக்கமே தள்ளிவிட்டார். அவரிடம் சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு பெட்டியை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து துணிக்கொடியில் கவுனைப் போட்டுவிட்டு, அதன் எதிரே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆஷ்லின்தான் கடைசியில் கண்டுபிடித்தாள். பகல் முழுக்கப் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான்கூட, "இங்க உசுரு போவுது, உனக்கு போனா" என்று எரிந்து விழுந்தேன். அவள் போனை என் முன்னால் நீட்டினாள்.

"இதப் பாரும்மா. இது வெறும் வேர்வை இல்ல. சென்ட்டுல இருக்கற மருந்தும் வேர்வையும் சேந்து துணில எறங்கிடுமாம். அப்போ கண்ணுக்குத் தெரியாதாம். பொட்டில வச்சி நாளாக நாளாகத்தான் மஞ்சளா வருமாம். அதுல பிளீச்சிங் போட்டா இன்னும் ஏறிக்குமாம்."

"அத மொதல்லயே போட்டிருக்கக் கூடாதா அந்த போன்காரன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். மெடிக்கல் ஷாப்பில் காதில் ஊற்ற வாங்குவோமே, நுரைக்கிற மருந்து, அதை வாங்கி வரச்சொன்னாள். சவரிராயன் ஓடிப்போய் நாலு பாட்டில் வாங்கி வந்தார். அதில் ஆப்ப சோடாவையும் பாத்திரம் கழுவுகிற லிக்விடையும் போட்டுக் குழைத்து, மஞ்சளில் அப்பி, பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்த்தாள். உஸ்ஸென்று நுரைத்தது. ஊறவிட்டு அலசினோம். கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. மறுபடியும் போட்டோம். மறுநாளும் போட்டோம். ஆஷ்லின் கைவிரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. என்னைத் தொடவிடவில்லை.

"நீ அமுத்தித் தேய்ப்ப, கிழிஞ்சிடும்" என்றாள்.

மூன்றாவது ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, சவரிராயன் கவுனின் கையை மாடியில் வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். கமிட்டியில் தராசு முள்ளைப் பார்க்கிற பார்வையோடு கிட்டப் போய்ப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். "ஒன்னும் இல்ல" என்றார். "பாப்பா, ஒன்னுமே இல்ல." நானும் பார்த்தேன். ஆண்டவரே, பால் மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் அம்சவள்ளியைக் கூப்பிட்டுக் கறிக்குழம்பு கொடுத்தேன் என்றால் என் மனசு எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஷ்லின் தன் துணிகளைத் துவைத்து மடித்துப் பையில் வைத்தாள். நல்ல புடவை ஒன்றை மட்டும் கட்டிக்கொள்ள வெளியே எடுத்து வைத்தாள். அலெக்ஸுக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறம்.

மறுநாள் காலை பஸ்ஸில் விழுப்புரம் போனோம். சவரிராயன் தானும் வருவதாகச் சொன்னார். "கல்யாணத்துக்கு வந்தா போதும், இப்ப வந்து முட்டிக்கினு நிக்காதீங்க" என்று நான்தான் நிறுத்திவிட்டேன். மடியில் கவுன் பெட்டி. வழியெல்லாம் ஜெசிந்தாவிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பணிவாகத்தான் பேசுவேன். ஆனால் கழனி வேர்வையும் சோப்புக்குப் போகும் சம்மந்தி என்று ஒரே ஒரு வார்த்தை, சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஷ்லின் பையை வாசல்படி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஜெசிந்தா எங்களை உட்காரச் சொன்னார். கவுனை வாங்கி, அதே ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கையை உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"போயிடுச்சே" என்றார். "நல்லா எடுத்திருக்கீங்க."

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பீரோ கதவில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு வெள்ளைக் கவுன். புத்தம் புதுசு. நெஞ்சு முழுக்கக் கல் பதித்து, பின்னால் நீளமாக வால் வைத்துத் தைத்தது. வெனிலா எங்களுக்கு ஜூஸ் கொண்டுவந்தாள்.

"அது யாருக்குமா?" என்று கேட்டேன்.

"டோமினிக் பொண்ணுக்கு ஆன்ட்டி. மெட்ராஸ்ல தச்சது. சூப்பரா இருக்குது இல்ல?"

"இத்தினி வேலை செய்ய நாள் புடிச்சிருக்குமே. எப்ப குடுத்தீங்க?"

"சாம்பல் புதனுக்கு முன்னாடியே குடுத்தாச்சி. தவக்காலம் வந்துட்டா கல்யாணத் துணி தைக்கக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா ஒரே ஜல்தி."

ஜெசிந்தா மகளைப் பார்த்த பார்வையில் அவள் டிரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. சாம்பல் புதன் முடிந்து, நாற்பது நாள் தவக்காலம் முழுக்க முடிந்து, பாஸ்கும் முடிந்த பிறகுதான் பழைய கவுன் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று எப்போதோ ஒதுக்கின கவுனை எடுத்து, அதிலே கறையைப் பார்த்து, என் மகள் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் அங்கே உயிரைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் புதுக் கவுன் எங்கேயோ தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆஷ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. இருந்தாலும் கத்தாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் கத்தவில்லை. என் ஜென்மத்தில் பேசாத ஒரு பேச்சை அன்றைக்குப் பேசினேன்.

"சம்மந்தி, வேற எதுல கறை இருந்தாலும் சொல்லுங்க. போர்வை, ஸ்கிரீனு, எதுன்னாலும் குடுங்க. நான் துவைச்சித் தரேன். அவளும் நல்லா துவைப்பா."

குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்காரி குரல்.

ஜெசிந்தா கவுனை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அதெல்லாம் ஒன்னும் வேணாம் சம்மந்தி. இப்ப கல்யாண வேலை, ஊடு பூரா ஆளுங்க. ஆஷ்லின் அங்கயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு நீங்க வரும்போது அவளையும் கூட்டிக்கினு வாங்க."

அந்த வீட்டு மருமகளை அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்னோடு வரச்சொல்லி அழைக்கிறார். அழைப்பு வைத்துவிட்ட திருப்தியில் கவுனைத் தூக்கிக்கொண்டு எழுந்து பீரோவைத் திறந்தார். நாங்கள் துவைத்ததைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டினார். கவுனை வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

அப்போது உள் அறையிலிருந்து அலெக்ஸ் வந்தான். "வாங்க அத்தை" என்றான். ஆஷ்லினை ஒரு பார்வை பார்த்தான். எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனான். வாசல்படி ஓரமாக இருந்த அவள் பையைக் குனிந்து கையில் எடுத்தான். பெற்றவள் என்ன சொன்னாலும் கட்டினவன் பையைத் தூக்கிவிட்டான், உள்ளே கொண்டுவந்து வைக்கப் போகிறான் என்று நம்பினேன். ஆஷ்லினும் எழுந்து நின்றுவிட்டாள்.

அவன் பையை மோட்டார் சைக்கிளின் முன்பக்கக் கம்பியில் மாட்டினான்.

"வெயிலா இருக்குது அத்தை" என்றான். "மூணு பேரு போவ முடியாது. மொதல்ல ஒருத்தர பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு, அப்பறம் வந்து இன்னொருத்தரக் கூட்டிக்கினு போறேன்."

வண்டியைத் தட்டி ஸ்டார்ட் பண்ணினான். ஆஷ்லின் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். கத்திரிப்பூ நிறப் புடவையை முழங்காலோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு, எப்போதும் உட்காருகிற மாதிரி அவன் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். அவன் தோளில் வைக்கத் தூக்கின கையை வைக்கலாமா என்று தெரியாமல் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.